கறுப்பைத் தவிர்த்த கோடு

'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை இன்னொரு தடவை பார்க்க மனசு தாங்குமென்றால், இந்த முறை கோடுகளை மட்டும் கவனியுங்கள். அந்தக் குட்டிப் பெண் செத்சுகோவின் கன்னம், விரல்கள், அண்ணன் முதுகில் தொங்கும் கால்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றின் விளிம்பும் பழுப்பு. கார்ட்டூன் என்றாலே கறுப்புக் கோடு என்று பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடாது. எனக்கு மூன்றாவது தடவைதான் தெரிந்தது. அன்று இரவு தூங்கவில்லை. அந்தப் படத்தின் முகங்கள் ஏன் அவ்வளவு மென்மையாக, தொட்டால் சுடும்போல இருக்கின்றன என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அந்தப் படத்தின் நிறங்களைத் தீர்மானித்தவர் யசுதா மிச்சியோ. அதைத் தயாரித்த ஸ்டூடியோ ஜிப்லி என்றால் இயக்குநர் மியாசாகி பெயரைச் சொல்வோம், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இந்தப் படத்தை இயக்கிய தகஹாத்தாவைச் சொல்வார்கள், இசைக்கு ஹிசாய்ஷி. இந்த அம்மாவின் பெயர் நம் பேச்சில் வருவதே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. 'நௌசிகா' (1984) தொடங்கி 'தி விண்ட் ரைசஸ்' (2013) வரை மியாசாகி இயக்கிய பத்துப் படங்களிலும் நிறத்துக்குப் பொறுப்பு இவர்தான்.

1939இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1958இல் டோக்கியோவின் தோயே தோகா அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தார். ஜப்பானின் முதல் முழுநீள வண்ண அனிமேஷன் படத்தை அவர்கள் வெளியிட்டதும் அதே வருஷம்தான். இவருக்குக் கிடைத்த இடம் 'ஃபினிஷிங்' பிரிவு. படம் வரைகிறவர் தாளில் வரைந்ததைச் 'செல்' எனப்படும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாளில் கோடாகப் பிரதியெடுத்து, பெயிண்ட் பூசி முடிக்கிற வேலை. பெரும்பாலும் பெண்கள் பார்த்த, யாரும் திரும்பிப் பார்க்காத வேலை. அங்கேதான் தொழிற்சங்கத்தில் தகஹாத்தாவும் மியாசாகியும் பழக்கமானார்கள். ஒருவர் சங்கத்தின் துணைத்தலைவர், மற்றவர் செயலாளர். இந்த மூவரின் நட்பு ஐம்பது ஆண்டு தாண்டியது. போராட்டத்தில் பிறந்த சிநேகிதம் என்பதாலோ என்னவோ, படத்தின் தலைவிதியையே மாற்றுகிற விஷயங்களை இவரை நம்பி ஒப்படைத்தார்கள்.

நிறம் தீர்மானிப்பது என்றால் சட்டைக்கு நீலமா பச்சையா என்று முடிவெடுப்பது மட்டும் என்று நானும் நினைத்திருந்தேன். செல் காலத்து வேலையைப் படித்தபோது மலைத்துப்போனேன். பெயிண்ட் எல்லாம் எண் போட்ட பாட்டில்கள். ஒரே பிள்ளையின் தோலுக்குப் பகலில் ஒரு எண், அந்தியில் ஒன்று, விளக்கொளியில் ஒன்று, நிழல் விழும் பாதிக்கு வேறொன்று. பூசுவது செல்லின் பின்பக்கம், பார்ப்பது முன்பக்கம். அந்தத் தாளும் முழுக்கத் தெளிவானதல்ல. இரண்டு மூன்று செல்களை அடுக்கினால் அடியில் இருப்பதன் நிறம் கொஞ்சம் மங்கிவிடும். அதனால் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தின் பின்னால் போனால், மங்கலைச் சரிக்கட்ட அதே சட்டைக்கு வேறு எண் பெயிண்ட் கொடுக்க வேண்டும். திரையில் நாம் காண்பது மாறாத ஒரே சட்டை. மாறாமல் காட்டுவதற்குத்தான் அத்தனை மாற்றம்!

மரம், வயல், வானம் எல்லாம் ஓவியப் பிரிவு தனியாக வரைவது. அதன் மேல் இந்தத் தட்டையான பெயிண்ட் உருவங்கள் ஒட்டவைத்த மாதிரி இல்லாமல் அந்த வெளிச்சத்திலேயே மூச்சுவிட வேண்டும். மியாசாகியின் 'டோடோரோ' படத்துப் பச்சையைப் புகழ்கிறவர்கள் ஓகா கஸுவோவின் பின்னணி ஓவியங்களைச் சொல்வார்கள். நியாயம்தான், மனுஷன் அப்படி வரைந்திருக்கிறார். ஆனால் அந்தப் பச்சைக்குள் ஒரு சிறுமியை நிறுத்தி, அவள் அந்த ஊர்ப் பிள்ளைதான் என்று நம்பவைத்தவர் யசுதா.

இன்னொன்று. 'டோடோரோ'வும் 'ஃபயர்ஃப்ளைஸ்'ஸும் 1988 ஏப்ரல் 16 அன்று சேர்ந்தே வெளியானவை. இரண்டுக்கும் நிறம் இவர். ஒன்றில் கிராமத்து மழையும் பேருந்து நிறுத்தத்து இருட்டும், மற்றதில் குண்டு விழுந்து எரியும் கோபே நகரமும் ஆவிகளின் மேல் படியும் அந்தச் சிவப்பும். கோட்டைப் பழுப்பாக்கினால் மென்மை வரும், உருவம் பின்னணியில் கரைந்துபோகிற ஆபத்தும் சேர்ந்து வரும். கறுப்பு செய்து கொடுத்த வேலையை இனி பெயிண்ட்தான் செய்தாக வேண்டும். வசதியான வழியை விட்டு இதைத் தேர்ந்தெடுத்த துணிச்சலை நான் வணங்குகிறேன்.

பிறகு கணினி வந்தது. 'பிரின்சஸ் மோனோனோகே'யில் (1997) சுமார் பத்து நிமிடக் காட்சிகளுக்கு டிஜிட்டல் பெயிண்ட். அடுத்த படத்திலிருந்து செல்லே கிடையாது. நாற்பது வருஷம் கையில் பழகிய பாட்டில்களை அறுபது வயதை நெருங்கும்போது விட்டுவிட்டுப் புதுக் கருவியோடு உட்கார்ந்தார். 'ஸ்பிரிட்டட் அவே'யின் இரவுக் குளியல் மாளிகை அதற்குப் பிறகு வந்ததுதான். எண்ணற்ற நிறங்கள் கைக்குள் வந்த பிறகும் அளவு தெரிந்து பயன்படுத்தினார். பாட்டில் காலத்தில் வளர்ந்த கண் அது என்பது என் எண்ணம்.

'போன்யோ'வோடு (2008) ஓய்வு பெற்றார். மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்'ஸுக்காகத் திரும்பி வந்தார். 2016 அக்டோபர் 5 அன்று, 77 வயதில் மறைந்தார்.

2025 மார்ச்சில் ஊரே செயற்கை நுண்ணறிவை வைத்துத் தன் போட்டோவை 'ஜிப்லி' படமாக மாற்றிப் போட்டது. "அந்தக் கலர் செமயா இருக்குல்ல" என்று எத்தனை பேர் எழுதினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கலருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்குப் பின்னால் ஃபினிஷிங் பிரிவில் குனிந்து உட்கார்ந்த ஒரு பெண்ணின் வாழ்நாள் இருக்கிறது.

நாங்கள் வீட்டில் இந்தப் படங்களின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்துவதில்லை. என் மகளுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, எனக்கும் தெரியாது. நான்கு எழுத்துகளின் வடிவத்தை மட்டும் அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். போன வாரம் மியாசாகியின் 'கிகி' படம் பார்த்தபோது எனக்கு முன்னால் அவளே திரையைத் தொட்டுக் காட்டினாள்.