‘கொகோரோ’: சித்தப்பாவைத் தாண்டிப் போகாதீர்கள்

ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் ‘கொகோரோ’ நாவல் என்றாலே முக்கோணக் காதல், நண்பனுக்குத் துரோகம், குற்றவுணர்வு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்படிப் படித்தால், கட்டிய மனைவியிடம்கூட கதையின் மையப் பாத்திரமான சென்செய் (‘ஆசான்’ என்று பொருள்) ஏன் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்பதற்கு விடையே கிடைக்காது.

1914-ல் ஆசாஹி நாளிதழில் 110 தவணைகளாக வந்த நாவல் இது. அதில் 56 தவணை, கதைசொல்லியான இளைஞனுக்கு சென்செய் எழுதும் கடிதம். ‘கே’ என்ற நண்பன் உள்ளே வருவதற்கு முன் அந்தக் கடிதத்தில் நீளமாக ஒரு சொத்துத் தகராறு இருக்கிறது. பலர் அவசரமாகப் புரட்டிவிடுவது அதைத்தான். சென்செயின் சிறுவயதில் டைஃபாய்டில் அப்பாவும் அம்மாவும் போய்விட, சொத்து சித்தப்பா கைக்கு வருகிறது. தன் மகளைக் கட்டிக்கொள் என்கிறார். பையன் மறுக்கிறான். அடுத்த விடுமுறைக்குப் போனால் வீட்டில் எல்லோர் முகமும் மாறியிருக்கிறது. சித்தப்பா சொத்தில் ஏமாற்றியது தெரியவர, மிஞ்சியதைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஊரோடு உறவை முறித்துக்கொள்கிறான்.

நோய் இங்கேதான் தொற்றுகிறது. டோக்கியோவில் ஒரு ராணுவ அதிகாரியின் விதவை வீட்டில் குடியேறி, அவர் மகளை விரும்புகிறான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஆனால் இந்த அம்மாளும் சித்தப்பா மாதிரிக் கணக்குப் போடுகிறாளோ என்ற சந்தேகம் நாக்கைக் கட்டிப்போடுகிறது. அந்த இடைவெளியில்தான் கே வருகிறான். வேண்டாம் என்று அம்மாள் தடுத்தும், அவனைக் கூட்டிவந்தவன் இவனேதான். கேயும் அதே பெண்ணை விரும்ப, அவனுக்குத் தெரியாமல் இவன் முந்திக்கொண்டு பெண் கேட்டுவிடுகிறான்; கே உயிரை மாய்த்துக்கொள்கிறான். அந்தப் பெண்தான் பிறகு சென்செயின் மனைவி.

கேயின் நிலைமை இதைவிட மோசம். கோயில் குருக்களின் மகன், மருத்துவர் வீட்டுக்குத் தத்துப்போனவன். மருத்துவம் படிக்க அனுப்பிய பணத்தில் வேறு படித்ததை அவனே ஒப்புக்கொள்ள, இரண்டு வீடும் கைகழுவிவிட்டன. இருவர் அறைக்கும் நடுவே ஒரு நகர்த்துக்கதவுதான். ஒரு ராத்திரி அது இரண்டடி திறந்திருக்க, அங்கே நின்றபடி கே, ‘தூங்கிவிட்டாயா’ என்று கேட்கிறான். சும்மாதான் கேட்டேன் என்று மூடிவிடுகிறான். அவன் இறந்த ராத்திரியும் அதே அளவு திறந்திருக்கிறது. ஜப்பானிய இலக்கியத்தில் தனிமையை இவ்வளவு துல்லியமாக அளந்த இன்னொரு இடம் எனக்குத் தெரியவில்லை.

கேயின் கடிதத்தைப் பிரித்ததும் சென்செய் தேடுவது தன்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்றுதான். இல்லை. எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று திரும்ப வைத்துவிடுகிறார். கே காதல் தோல்வியால் இறந்தான் என்று முதலில் நினைத்தவர், பல காலம் கழித்து வேறு முடிவுக்கு வருகிறார்: தாங்க முடியாத தனிமையால் போயிருப்பானோ, நானும் அதே வழியில்தான் நடக்கிறேனோ என்று. என் வாசிப்பில் நாவலின் அச்சாணி இதுதான்.

சென்செயும் கடைசியில் தற்கொலை செய்துகொள்ள முடிவெடுப்பதற்கு ஜெனரல் நோகியின் மரணத்தைக் காரணமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. மெய்ஜி பேரரசரின் இறுதிச் சடங்கு நாளில், 1912 செப்டம்பரில், நோகி உயிரை மாய்த்துக்கொண்டார். 1877 போரில் கொடியைப் பறிகொடுத்த அவமானத்தை 35 வருடம் சுமந்தவர். சென்செய் தன் முடிவை எடுத்தது அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து. ஆனால் அது தேதி குறித்துக்கொடுத்தது, அவ்வளவுதான். காரணம் எப்போதோ உள்ளே உட்கார்ந்துவிட்டது.

எனக்கு சென்செய்மேல் கோபம் வருவது கடிதத்தின் கடைசியில். மனைவிக்கு எதுவும் தெரியக் கூடாது என்கிறார். மனைவி மனதில் இருக்கும் பழைய நினைவுகள் களங்கப்படக் கூடாதாம். படித்து முடித்த கையோடு முதல் பகுதியின் 16 முதல் 20 வரையான அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போங்கள். கணவர் வெளியே போன ஒரு மாலையில், தன்னிடம் என்ன குறை என்று புரியாமல் அந்தப் பெண் கண் கலங்குகிறார். அதைப் படித்துவிட்டு அந்த மௌனத்தைக் கருணை என்று சொல்ல என்னால் முடியவில்லை.