வங்கிக்காரன் வீட்டுக்கு ஊர்வலம் போகலாமா?

வங்கிக்காரர்மேல் கோபப்பட இலங்கையில் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பேப்பரை விரித்தால் போதும். இன்னாருடைய காணி, அதிலுள்ள வீடு, மரம், கிணறு, இன்ன திகதி காலை பத்தரைக்கு ஏலம் என்று அறிவித்தல்கள் வரிசையாக இருக்கும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிக்குக் கொடுத்த அதிகாரம் அது. பராட்டே என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். வழக்குப் பேசத் தேவையில்லை. பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் போட்டுவிட்டு, ஈடு வைத்த வீட்டை விற்கலாம். 2024இல் சிறு தொழில்காரர் சத்தம் போட்ட பிறகு கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அவன் எங்கட வீட்டுக்கு வரலாம், நாங்க அவன்ட வீட்டுக்குப் போகக் கூடாதோ? நாலு கண்ணாடி உடைஞ்சாத்தான் இவங்களுக்குப் பயம் வரும்."

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்கி வாசலுக்குப் போகலாம். தலைமையகத்தை மறிக்கலாம், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குள் புகுந்து கத்தலாம், அனுமதி இல்லை என்று பொலிஸ் சொன்னாலும் நிற்கலாம். வீட்டுக்குப் போகக் கூடாது. கல், நெருப்பு இரண்டும் கூடவே கூடாது. வங்கி முதலாளிகள் பாவம் என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. எனக்கு அவர்கள்மேல் ஒரு சொட்டு இரக்கமும் கிடையாது.

இரக்கம் எப்படி வரும்? 2015 பெப்ரவரி 27 அன்று மத்திய வங்கி 30 வருடப் பிணைமுறிக்கு, அதாவது அரசு கடன் வாங்கும் பத்திரத்துக்கு, 100 கோடி ரூபா என்று அறிவித்துவிட்டு 1000 கோடிக்கு மேல் ஏற்றுக்கொண்டது. அதில் பெரும் பங்கு ஆளுநரின் மருமகனுடைய கொம்பனியோடு தொடர்புபட்டிருந்தது. ஆணைக்குழு போட்டார்கள், அறிக்கை வந்தது. அந்த முன்னாள் ஆளுநர் சிங்கப்பூர் போனவர் போனவர்தான். அப்புறம் 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. வங்கிகள் ஏற்கெனவே 50 சதவீதத்துக்கு மேல் வரி கட்டுகின்றன என்று சொல்லி அவற்றை விட்டுவிட்டு, சுமையை ஊழியர் சேமலாப நிதியின் தலையில் வைத்தார்கள். ஆடைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்யும் பிள்ளையின் ஓய்வுக்காலக் காசு அது. அடுத்த வருடத் தொடக்கத்தில் மத்திய வங்கி தன் ஊழியர் சம்பளத்தைச் சுமார் 70 சதவீதம் வரை கூட்டிய செய்தி வந்தபோது, நாடே மூக்கில் விரலை வைத்தது.

ஆகவே கோபம் நியாயம். அந்தக் கோபம் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதுதான் என் பிரச்சினை.

என் மாமி ஓய்வுபெற்ற ஆசிரியை. கிடைத்த பணிக்கொடையை ஒரு நிதி நிறுவனத்தில் நிலையான வைப்பாகப் போட்டார். வங்கியை விட வட்டி கூட. மத்திய வங்கியில் பதிவு பெற்ற நிறுவனம் என்று கண்ணாடிக் கதவில் பெரிதாக எழுதியிருந்தார்கள். அது கவிழ்ந்த கிழமை மாமியோடு நானும் கிளைக்குப் போனேன். எல்லாம் வயதானவர்கள். கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் வைப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும். இரும்புக் கதவு பாதி இறக்கியிருந்தது. அதற்கு முன்னால் செக்யூரிட்டி ஐயா ஒருவர், அவரும் அறுபதைத் தாண்டியவர். பணிப்பாளருக்குச் சேர வேண்டிய கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்தான். பின்னேரம் சிலர், வைப்புகளைப் பிடித்துக் கொடுத்த பையனின் வீட்டைத் தேடிப் போனார்கள். விற்பனைப் பிரிவில் வேலை, சம்பளத்தோடு கொமிஷன். அவன் தன் அம்மாவின் காசையும் அங்கேதான் போட்டிருந்தான். வீட்டு வாசலில் சனம் கூடிக் கத்தியதில் அந்த அம்மா மயங்கி விழுந்துவிட்டாராம். பணிப்பாளர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது அன்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த மதிலுக்கும் காவலுக்கும் அப்பால் யார் போயிருப்பார்கள்?

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2010 மே 5, கிரேக்கத்தில் சிக்கன நடவடிக்கைகளுக்கு எதிராகப் பொது வேலைநிறுத்தம். ஏதென்ஸில் மார்ஃபின் வங்கிக் கிளை ஒன்றுக்குள் யாரோ பெற்றோல் குண்டு எறிந்தார்கள். மூன்று ஊழியர்கள் செத்தார்கள், அதில் ஒரு பெண் கர்ப்பிணி. தீப்பாதுகாப்பு ஒழுங்காக இல்லை என்று வங்கி அதிகாரிகள் சிலர் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள், அது வேறு விஷயம். கிரேக்கத்தைக் கடனில் மூழ்கடித்த ஒருவருக்கும் அன்று புகை நாற்றம்கூடப் போய்ச் சேரவில்லை.

நண்பர் விடமாட்டார். "எடின்பரோவில் நடந்தது தெரியுமா?" என்பார். தெரியும். ரோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து 2008இல் 2400 கோடி பவுண் நட்டம் காட்டியது. பிரிட்டனின் நிறுவன வரலாற்றில் அவ்வளவு பெரிய நட்டம் அதற்கு முன் இல்லை. அரசு மக்கள் காசைக் கொட்டி அதைத் தூக்கி நிறுத்தியது. தலைமை நிர்வாகியாக இருந்த ஃப்ரெட் குட்வின் ஐம்பது வயதில் வருடத்துக்குச் சுமார் 7 இலட்சம் பவுண் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார். 2009 மார்ச்சில் அவருடைய வீட்டு ஜன்னல்களையும் பென்ஸ் காரையும் உடைத்தார்கள். ஜூனில் அவர் ஓய்வூதியத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கச் சம்மதித்தார். 2012இல் 'சேர்' பட்டமும் போனது. கல்லு வேலை செய்தது என்கிறார் நண்பர்.

கண்ணாடி உடைவதற்கு முன்பே பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் அந்த ஓய்வூதியத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தன என்பதை நான் சொல்வேன். ஆனால் கல்லுக்கு ஒரு பங்கும் இல்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. இருக்கலாம். யாருக்கும் காயம் படாமல் போனது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி ஓர் அரசியலை நடத்த முடியாது.

நான் தடுமாறிய இடம் லெபனானின் பெய்ரூட். 2022 செப்டெம்பரில் ஒரு பெண் விளையாட்டுத் துப்பாக்கியோடு வங்கிக்குள் போய், முடக்கப்பட்டிருந்த தன் சொந்த வைப்பிலிருந்து 13,000 டொலர் அளவில் வாங்கிக்கொண்டு வந்தார். தங்கையின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு. மாமியைப் பார்த்த பிறகு அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. தன் காசை மட்டும்தான் கேட்டார். ஆனாலும் எதிரே நின்ற காசாளருக்கு அது விளையாட்டுத் துப்பாக்கி என்று எப்படித் தெரியும்?

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சிங்கள நண்பர்களிடம் சொல்லும்போது கொஞ்சம் தயங்குவேன், இங்கே தயங்கத் தேவையில்லை. ஒரு கூட்டம் கையில் விலாசத்தோடு வீடு தேடி வருவது என்றால் என்ன என்று கொழும்புத் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 83 ஜூலைக் கலவரத்தில் வாக்காளர் பட்டியலோடு வந்தார்கள். தமிழ் முதலாளிகள் எங்களைச் சுரண்டுகிறார்கள் என்ற கதை அன்றும் ஒரு சாட்டாக ஓடியது. எரிந்தவற்றில் முதலாளிகளின் கட்டடங்களும் இருந்தன, வாடகை அறையில் இருந்த எழுதுவினைஞரின் ட்ரங்குப் பெட்டியும் இருந்தது.

அதற்கும் முந்தியது செட்டியார் தெருக் கதை. பிரிட்டிஷ் வங்கிகள் உள்ளூர்க்காரருக்குக் கடன் கொடுக்காத காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார்தான் கொடுத்தார்கள். முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் தென்னங்காணிகள் கடனுக்குக் கைமாறத் தொடங்கியதும், வட்டிமேல் வந்த கோபம் வெகு சீக்கிரம் இந்தியன்மேல் கோபமாகத் திரும்பியது. ஆனாலும் அந்தக் கோபத்தின் ஒரு கிளை உருப்படியான பாதையில் போனது. 1934இல் வங்கி ஆணைக்குழு, 1939இல் இலங்கை வங்கி. பிணைமுறி விவகாரத்தில் அந்தத் தமிழ் ஆளுநரின் பெயரைச் சொல்லி, "அவனும் உங்கட ஆள்தானே" என்று பஸ்ஸில் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். கோபம் இனத்துக்குத் தாவ இந்த ஊரில் இரண்டு பஸ் ஹோல்ட் தூரம்கூட வேண்டியதில்லை.

சரி, பழையதை விடுவோம். 2022ஐ எடுங்கள். காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு அரசுக்கு எதிராகப் போராடிய சனத்தை மே 9ஆம் திகதி பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து வந்தவர்கள் அடித்தார்கள். அன்று இரவு அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவவில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார், கூட இருந்த பொலிஸ்காரரும் செத்தார். எரிந்த வீடுகளுக்கு என்ன நடந்தது? 43 பேருக்கு 120 கோடி ரூபாவுக்கு மேல் இழப்பீடு கொடுத்ததாக 2025இல் வெளியே வந்தது. பெற்றோல் வரிசையில் நின்றவனின் வரிக்காசில். நெருப்பு வைத்த செலவையும் நாங்களே கட்டினோம்!

அதே வருடம் சிலர் வழக்குப் போட்டார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ராஜபக்ஷ சகோதரர்கள் மூவரோடு இரண்டு முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களையும் பெயர் சொல்லி, பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. மனுதாரருக்கு வழக்குச் செலவாக 1,50,000 ரூபா. யாரும் சிறைக்குப் போகவில்லை. இதைச் சொன்னால் நண்பர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். மக்களிடம் வைப்பு வாங்கிய கோல்டன் கீ நிறுவனம் 2008இல் விழுந்தது, ஏறத்தாழ 9000 வைப்பாளர்கள், 2600 கோடி ரூபா. முழுக் காசையும் காணாமலே கண்ணை மூடியவர்கள் அதில் இருக்கிறார்கள். நீதிமன்றத்தை நம்பு என்று அவர்களுடைய பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல நான் யார்?

அதனால்தான் வீட்டில் இருங்கள் என்று சொல்லவில்லை. வெளியே வாருங்கள், தொந்தரவு கொடுங்கள் என்கிறேன். 2021இல் நுண்கடனால் நொந்த பெண்கள் ஹிங்குராக்கொடவில் கிழமைக் கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஒரு கல்லும் எறியவில்லை. கொழும்பிலிருந்து எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்த்தோம்? கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டை ஏலம் போட வங்கிக்குக் கொடுத்த வேகத்தில் பாதியையாவது, கவிழ்ந்த நிதி நிறுவனப் பணிப்பாளர்களின் சொத்தைப் பிடிக்க வைப்பாளருக்குக் கொடுங்கள் என்று ஒரு சட்டம். அதற்காக யாராவது நாடாளுமன்றத்துக்குக் கிட்ட உள்ள பொல்துவ சந்தியை மறித்தால் நானும் வருகிறேன். கட்டாயம் பொலிஸ் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், மாற்று உடுப்பு ஒன்று பையில் கொண்டு வாருங்கள்.