ஹங்கேரிய ஊர்ப்பெயர்களும் ‘-ரா/-ரெ’ விகுதியும்
ஹங்கேரிய மொழியில் ஓர் ஊருக்குப் போவதைச் சொல்ல (தமிழின் ‘-க்கு’ போல) ஊர்ப்பெயரோடு ஒரு விகுதி சேரும். ஹங்கேரிக்குள் எந்த ஊருக்குப் போனாலும் ‘-ரா/-ரெ’, வெளிநாட்டு ஊர் என்றால் ‘-பா/-பெ’ என்று ஒரு விதி சொல்லப்படுவதுண்டு. பாதிதான் சரி. புடாபெஸ்ட்ரெ, ஸெகெட்ரெ, மிஷ்கோல்ட்ஸ்ரா உண்மை. ஆனால் தெப்ரெட்ஸென்பெ, எகெர்பெ, ஷோப்ரோன்பா, வெஸ்ப்ரேம்பெ என்றுதான் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். இவையும் ஹங்கேரிக்குள் உள்ள ஊர்களே. ன், ம், ர் ஒலியில் முடியும் பெயர்கள் பெரும்பாலும் ‘-பா/-பெ’ பக்கம் சாயும். அதை நம்பி கபோஷ்வார் என்ற ஊர்ப்பெயரில் மாட்டிக்கொள்ளாதீர்கள்: ‘வார்’ என முடியும் ஊர்களுக்கு ‘-ரா’தான்.

சரிபார்க்க, ஊர்ப்பெயரை இரு விகுதிகளோடும் தனித்தனியே ‘உதாஸிக்’ (பயணிக்கிறார்) என்ற வினையுடன் சேர்த்து மேற்கோள்குறிக்குள் தேடுங்கள். வினை இல்லாமல் தேடினால் ‘தெப்ரெட்ஸென்ரெ’யும் கிடைக்கும், ஆனால் ‘தெப்ரெட்ஸெனை நினைக்கிறார்’ என்பதற்கும் ‘-ரெ’ விகுதிதான், அது பயணம் அல்ல.