விலாவில் வலி என்றாலும் தைராய்டுதான் காரணமா?

நாகர்கோவிலில் போன வாரம் மருத்துவரிடம் எனக்குக் கிடைத்த பதில் உங்களில் பலருக்குப் பழக்கமானதாக இருக்கும். வலது விலாவுக்குக் கீழே மாதக்கணக்கில் விட்டு விட்டுக் குத்துகிறது என்று சொன்னவளை, வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "உங்களுக்குத்தான் தைராய்டு இருக்கே, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தைராய்டு குறைவு இருப்பது உண்மை. அதற்காக என் பித்தப்பையும் சிறுநீரகமும் குடலும் விசாரிக்கத் தகுதியற்றவை ஆகிவிடுமா?

தைராய்டு குறைந்தால் உடம்பு வலிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. தசை வலிக்கும், குடல் மந்தமாகும், மலச்சிக்கலால் வயிறு இழுத்துப் பிடிக்கும். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரையை விழுங்கி, அரை மணி நேரம் கழித்தே தேநீர் குடித்து, கால்சியம் மாத்திரையை நான்கு மணி நேரம் தள்ளிப் போடுகிறவள் நான். கடைசி இரத்தப் பரிசோதனையில், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். சரியான அளவில்தான் இருந்தது. அப்படியிருக்க, புதிதாக வந்த வலிக்கும் பழைய நோயின் மேலேயே பழி போடுவது என்ன நியாயம்? தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடுவதாலும் பித்தநீர் மெதுவாக வடிவதாலும் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவமே சொல்கிறது. ஆகவே என் நோய் ஸ்கேனைத் தவிர்ப்பதற்கான காரணம் அல்ல, எடுப்பதற்கான காரணம்.

மார்த்தாண்டத்தில் என் பெரியம்மாவுக்கும் இதே இடத்தில்தான் வலித்தது. எல்லோருக்கும் மீன்கறியும் சோறும் பரிமாறிவிட்டு, விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பார். வாயு என்றார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். கண் மஞ்சளாகி, குளிர் காய்ச்சலில் நடுங்கிய பிறகுதான் பித்தநாளத்தில் கல் அடைத்திருப்பது தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலிக்கிறது என்று அத்தனை காலம் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இன்றும் போகவில்லை.

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பீர்கள். வாசலில் நின்ற கூட்டத்தை நானும் பார்த்தேன். ஆனால் வயிற்றை அழுத்திப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? தைராய்டுக்கு ஆகாதென்று மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, விடச் சொல்லும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. அயோடின் போதாத இடத்தில்தான் மரச்சீனி தைராய்டைப் பெரிதும் பாதிக்கும். நாம் அதை அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, கடல்மீனோடு உண்கிறோம். அயோடின் உப்பில் சமைக்கிறோம். அதற்கும் என் விலா வலிக்கும் என்ன தொடர்பு?

எனக்கு வேண்டியது ஆறுதல் அன்று, பரிசோதனை. ஆணொருவர் இதே வலியோடு போயிருந்தால் இதே பதில் கிடைத்திருக்குமா என்று யோசிக்கும்போது, வலியைவிட அந்தப் பதில்தான் அதிகம் உறுத்துகிறது. திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றோடு தக்கலையில் வேறொரு மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுக்க வேண்டுமென நானே வாய்விட்டுக் கேட்பேன். தேவையில்லை என்று அவர் கருதினால், ஏன் தேவையில்லை என்பதை என்னிடம் விளக்கட்டும்.