அந்தக் காட்சிக்கு என்னால் கைதட்ட முடியாது

படத்தின் பெயரை மறுபடியும் எழுத விரும்பவில்லை. இங்கே எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் கோபம் ஒரே ஒரு காட்சியின் மீதுதான். பணத்துக்காக வைரஸை ஊருக்குள் பரவவிட்ட விஞ்ஞானியைக் கதாநாயகன் அடித்து வீழ்த்துகிறான், அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. எனக்கு அது வலித்தது என்று எழுதியதற்கு, "படத்தைப் படமாகப் பாருங்கள்" என்று பாடம் எடுத்தீர்கள்.

படமாகத்தான் பார்த்தேன். கொள்ளைநோயை வைத்து எடுக்கப்படும் த்ரில்லர்களில் விஞ்ஞானி ஒன்று கிருமியை அவிழ்த்துவிடும் பாதகர், இல்லையென்றால் விடிவதற்குள் மருந்து கண்டுபிடித்துவிடும் மேதை. இரண்டும் பொய். 1976இல் ஸயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) யாம்புக்கு பகுதியிலிருந்து பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் ஆய்வகத்துக்கு ஒரு தெர்மாஸ் குடுவையில் ரத்த மாதிரி வந்து சேர்ந்தது. உள்ளே பனிக்கட்டி உருகியிருந்தது, இரண்டு குப்பிகளில் ஒன்று உடைந்திருந்தது. அதைத் திறந்தவர்களுக்குக் கையுறையைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. அதில் இருந்தது எபோலா என்னும் கொடிய வைரஸ். அதற்கான தடுப்பூசி பலனளிக்கிறது என்று கினி நாட்டில் தெரியவந்தது 2015இல்தான்; முறையான ஒப்புதல் கிடைத்தது 2019இல். நாற்பது ஆண்டு உழைப்பை ஒரே பாட்டுக்குள் முடித்துவிடுகிறார்கள்.

"சுவாரசியம் வேண்டாமா?" என்று கேட்கிறீர்கள். அந்தக் குடுவையைத் திறக்கும் கணத்தைவிட வேறென்ன சுவாரசியம் வேண்டும்?

நானும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். இரட்டைக் கையுறைக்குள் வியர்வை ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப்போகும். மூக்கு அரித்தாலும் தொட முடியாது. ஒரு மாதிரியின் எண்ணை மாற்றி எழுதிவிட்டோமோ என்ற பயத்தில் தூக்கம் வராது. கொரோனா காலத்தில் பரிசோதனை முடித்து வீடு திரும்பிய நாளொன்றில், நெருங்கிய உறவினர் ஒருவர் எல்லோர் முன்னாலும், "உங்க ஆட்கள்தானே இதைச் செஞ்சு விட்டாங்க?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையிலேயே நம்பித்தான் கேட்டார். இப்படிப்பட்ட படங்கள்தான் அந்த நம்பிக்கைக்கு உரம் போடுகின்றன என்று நான் சொன்னால், மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்கள்.

"ஆய்வகத்தில் தவறே நடந்ததில்லையா?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நடந்திருக்கிறது. 1978இல் பர்மிங்காமில் பெரியம்மை ஆய்வகம் இருந்த கட்டிடத்தில் வேலை பார்த்த ஜேனட் பார்க்கர் அந்நோய்க்குப் பலியானார். ஆய்வகத்தின் தலைவர் ஹென்றி பெட்சன், ஜேனட் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விபத்தைக் காட்டுங்கள், அலட்சியத்தைக் காட்டுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் விஞ்ஞானியைப் பணத்துக்காகக் குப்பியை உடைப்பவராக மட்டுமே காட்டாதீர்கள்.

ஏனென்றால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். 2003இல் ஹனோயில் சார்ஸ் நோயை அடையாளம் கண்டு உலகத்தை எச்சரித்த மருத்துவர் கார்லோ அர்பானி அதே நோயில் இறந்தார். 2014இல் சியரா லியோனில் எபோலா நோயாளிகளைக் கவனித்த மருத்துவர் ஷேக் உமர் கானும் அப்படித்தான். அந்தப் பரவலின்போது வைரஸின் மரபணுவை ஆராய்ந்து எழுதப்பட்ட கட்டுரை அச்சாவதற்குள், அதை எழுதியவர்களில் அவரையும் சேர்த்து ஐந்து பேர் எபோலாவுக்கு உயிரைக் கொடுத்திருந்தார்கள். ஐந்து பேர்! அவர்களில் ஒருவருடைய முகமாவது நீங்கள் கைதட்டிய அந்தப் படத்தில் இருந்ததா?

இரண்டாம் முறை பார்க்கச் சேர்ந்து போகலாம் என்று அழைத்த நண்பர்களே, நான் வரவில்லை.