ஒரு லாரித் தண்ணீருக்கு எத்தனை யூனிட்?

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரே ஈபி புராணம்தான். லோ வோல்டேஜில் ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஆரம்பிப்பார்: "இவ்வளவு அணை இருக்கே, நிலக்கரியை ஏன் சார் கட்டிக்கிட்டு அழணும்? தண்ணியில எடுத்தா புகையும் கிடையாது, செலவும் கிடையாது." உடனே நாலு கைதட்டல் எமோஜி.

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த சேற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் நியாயமாகத்தான் படும். ஆனால் புனல் மின்சாரத்தை, அதாவது தண்ணீரில் எடுக்கும் கரண்டை, நாம் தப்பான கணக்கில் எடைபோடுகிறோம் என்பது என் கட்சி. எத்தனை யூனிட் தருகிறது என்று பார்க்கிறோம். எந்த நேரத்தில் தருகிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, முதலில் எத்தனை யூனிட் என்பதையே பார்த்துவிடலாம். சென்னைக்காரர்களுக்குப் பழகிய அளவு தண்ணீர் லாரிதான். 12,000 லிட்டர் லாரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை 100 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முப்பது மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து, குழாய் வழியாக இறக்கி டர்பைனைச் சுற்றவிட்டால் சுமார் 3 யூனிட் கிடைக்கும். ஒன்றரை டன் ஏசி இரண்டு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். மேட்டூர் அணை நிரம்பியிருக்கும் நாளில்கூட இறங்கும் உயரம் இதில் பாதிக்கு மேல் தேறாது. லாரிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்.

நீலகிரி கதையே வேறு. 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா நிலையத்துக்குத் தண்ணீர் 3,000 அடிக்கு மேல் இறங்குகிறது. அதே லாரிக்கு 25 யூனிட்! கனடா உதவியோடு கட்டிய குந்தாவில் இன்னும் கெட்டிக்காரத்தனம். அவலாஞ்சி, எமரால்டு அணைத் தண்ணீர் ஒரு நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு அப்படியே கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒவ்வொன்றாக இறங்கும். பில்லூரிலிருந்து கோவைக்குக் குடிதண்ணீராகவும் போகும்.

இவ்வளவு பிழிந்தும் தமிழ்நாட்டின் மொத்தப் புனல் மின் திறன் சுமார் 2,300 மெகாவாட். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். எல்லா டர்பைனும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினாலும் ஒன்பதில் ஒரு பங்குதான் வரும். அதற்கு அணைகளில் தண்ணீர் வேண்டும். கத்திரி வெயிலில் அதுவும் இருக்காது. மேட்டூர் போன்ற அணைகளை நம் இஷ்டத்துக்குத் திறக்கவும் முடியாது. வழக்கப்படி ஜூன் 12 அன்று டெல்டா பாசனத்துக்குத் திறப்பார்கள், அந்தத் தண்ணீர் போகிற போக்கில் கரண்ட் எடுத்துக்கொள்வோம். சாகுபடிதான் அங்கே முதலாளி.

அப்புறம் இதை ஏன் தூக்கிப் பிடிக்கிறேன்? 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுக்க விளக்கை அணைத்து அகல் ஏற்றியது ஞாபகம் இருக்கிறதா? சில நிமிடங்களில் நாட்டின் மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. விளக்கைத் திரும்பப் போட்டதும் மளமளவென்று ஏறியது. தேவையும் உற்பத்தியும் ஒத்துப்போகாமல் கிரிட், அதாவது நாட்டின் மின்கட்டமைப்பே, விழுந்துவிடும் என்று பயந்தார்கள், விழவில்லை. அந்தச் சரிவில் பாதிக்கு மேல் புனல் மின் நிலையங்களே உற்பத்தியைக் குறைத்துத் தாங்கின. ஆறிப்போன அனல் மின் கொதிகலனைச் சூடேற்றப் பல மணி நேரம் பிடிக்கும். டர்பைனுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டால் சில நிமிடத்தில் முழு லோடு எடுத்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு இப்போது தேவைப்படுவது இந்தக் குணம்தான். மத்தியானம் சோலார் கொட்டுகிறது. காற்றாலை மே முதல் செப்டம்பர் வரை சுற்றுகிறது, மற்ற மாதங்களில் தூங்கி வழிகிறது. சாயங்காலம் சூரியன் இறங்கிய பிறகுதான் சென்னையில் ஏசி எல்லாம் ஒன்றாக ஆன் ஆகின்றன. மத்தியானக் கரண்டை ராத்திரிக்குக் கடத்த வேண்டும்.

அந்த வேலையைச் செய்கிற நிலையம் நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஆனைமலையில், நிலத்துக்கு அடியில் குகை குடைந்து கட்டிய காடம்பாறை, 400 மெகாவாட். கரண்ட் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள், தட்டுப்பாடு வரும்போது இறக்குவார்கள். ஏற்றச் செலவாவதில் ஏறக்குறைய கால்வாசி திரும்பி வராது. ஆனால் வாங்க ஆளில்லாமல் வீணாகிற மத்தியான சோலாருக்கு இந்த நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை.

இதையெல்லாம் சொல்வதால் எங்கே வேண்டுமானாலும் அணை கட்டுங்கள் என்று அர்த்தமில்லை. 2019 மார்ச் வரை 25 மெகாவாட்டுக்கு உட்பட்ட புனல் மின் நிலையங்கள் மட்டும்தான் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பட்டியலில் இருந்தன. அதன் பிறகு பெரிய அணைத் திட்டங்களும் சேர்ந்துவிட்டன. பட்டியலில் ஏறியதால் அணையின் குணம் மாறிவிடாது. 2023 அக்டோபரில் சிக்கிமில் பனிப்பாறை ஏரி உடைந்து தீஸ்தா-3 அணையையே அடித்துக்கொண்டு போனது. நம் பக்கத்தில், புது அணை கட்டி மின்சாரம் எடுக்கும் சில்லஹல்லா திட்டத்தை நீலகிரி மக்கள் எதிர்க்கிறார்கள். சென்னையில் 18 டிகிரியில் ஏசி வைத்துக்கொண்டு அவர்களை வளர்ச்சிக்கு விரோதி என்று திட்டுவது எனக்கு அசிங்கமாகப் படுகிறது. காடும் தோட்டமும் அவர்களுடையது, குளிர்ச்சி நமக்கு.

என்னைக் கேட்டால், புதிதாக எந்தப் பள்ளத்தாக்கையும் மூழ்கடிக்காமல், இருக்கிற அணைகளை இரண்டிரண்டாக இணைத்து காடம்பாறை மாதிரி நீரேற்று நிலையம் அமைப்பதே போதும். குந்தாவில் அதுதான் திட்டம்: மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி-எமரால்டு, நடுவில் 500 மெகாவாட். அணைகள் எல்லாம் பல வருடமாக அங்கேயே இருப்பவை. வேலைதான் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் இலவச யூனிட் பற்றிப் பேசுகிறார்கள், குந்தா எப்போது முடியும் என்று மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வாட்ஸாப் குழுவிலும்தான்.