செங்கல் தேவாலயத்திலும் தாங்குவளைவு உண்டு

செதுக்கத் தகுந்த கட்டடக்கல் கிடைக்காத வட ஜெர்மனியில் செங்கல் தேவாலயங்கள் உயரத்தையும் வெளிப்புறத் தாங்குவளைவுகளையும் (உயரமான சுவர் வெளியே சாயாமல் தாங்கும் அரைவளைவுகள்) கைவிட்டன என்று ஒரு கட்டுரை சொல்வது லூபெக் நகரின் புனித மரியன்னை தேவாலயத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. அதன் நடுக்கூடக் கவிகையின் (வளைவாகக் கட்டிய உட்கூரை) உயரம் 38.5 மீட்டர்; செங்கல் கவிகைகளில் உலகிலேயே உயரமானது. பக்கக்கூடக் கூரைகளுக்கு மேலே செங்கல்லாலேயே கட்டிய தாங்குவளைவுகள் இன்றும் வெளியிலிருந்து தெரிகின்றன. செங்கல் உண்மையில் கட்டுப்படுத்தியது அலங்காரத்தைத்தான். கல்லைப் போல அதைச் செதுக்க முடியாது: சுட்டபின் உளியை வைத்தால் கெட்டியான மேற்தோல் போய்விடும், மழைநீர் உள்ளே இறங்கும், குளிர்காலத்தில் அது உறைந்து செங்கல் பொரிந்து உதிரும். அதனால் கவிகையைத் தாங்கும் விலாவளைவு, சன்னல் ஓரம் எல்லாவற்றுக்கும் பச்சைக் களிமண்ணிலேயே அச்சு வார்த்தார்கள். காயும்போதும் சுடும்போதும் களிமண் சுருங்குமென்பதால் அச்சு சற்றுப் பெரிதாக இருக்கும், அப்படியும் வரும் அளவு வேறுபாட்டைத் தடித்த சாந்து இணைப்பு ஏற்றுக்கொள்ளும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், இத்தகைய கட்டடங்களின் பழைய விரிசல்களை சிமென்ட் வைத்து அடைக்கலாம் என்று எழுதியிருக்கிறார், தயவுசெய்து வேண்டாம். அந்தப் பகுதியின் இடைக்காலக் கட்டடங்கள் பலவற்றில் சாந்து ஜிப்சத்தால் ஆனது. ஈரம் பட்டால் ஜிப்சமும் சிமென்டும் வினைபுரிந்து எட்ரிங்கைட் என்ற கனிமம் உருவாகும். அது பருத்து, நல்ல செங்கல்லையும் சேர்த்துப் பிளந்துவிடும். முதலில் சாந்தைச் சோதனை செய்து, அதற்கு ஒத்த கலவையால்தான் அடைக்க வேண்டும்.